முதல் பக்கத்தில் என்னதான் எழுதுவது? மசாலாக் கடைக்கு வெப்சைட் போடுகிறேன்

சாட்ஸ்வர்த் மசாலாக்காரி
செவ்வாய், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் ஆறு வருடமாக வீட்டிலிருந்தே மசாலாத் தூளும் முறுக்கும் விற்கிறேன். முதலில் கோயிலில் பழகியவர்கள் வாங்கினார்கள், அப்புறம் வாட்ஸ்அப்பில் பரவிவிட்டது. தீபாவளிக்கு முந்தின மாதம் ஃபோனைக் கீழே வைக்க முடியாது. கிலோ என்ன விலை, ஜோபர்க்குக்கு (ஜோகன்னஸ்பர்க்) அனுப்புவீர்களா, காரம் எப்படி. ஒரே மூன்று கேள்வியை முப்பது பேர் கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் எண்ணெய் புகைந்துவிடும்.

வெப்சைட் போட்டுவிடு அம்மா என்றாள் மகள். ஒரு பையன் செய்து தருகிறான். நேற்று "கன்டென்ட் அனுப்புங்கள் ஆன்ட்டி" என்று மூன்று தலைப்பு கொடுத்தான்: ஹோம், அபவுட் அஸ், கான்டாக்ட். இரவெல்லாம் உட்கார்ந்து நான் எழுதியதன் ஆரம்பம் இது:

"1860 இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் சுமந்து வந்த மணம், தலைமுறை தலைமுறையாக, அன்போடு அரைத்து..."

மகள் படித்துவிட்டு, "விலை எங்கே அம்மா?" என்றாள். அதோடு பேனாவை மூடிவிட்டேன். கட்டாயம் என்னென்ன இருக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


லெனேசியா மாமி
செவ்வாய், இரவு 9.05

நான் விற்கிற கட்சி இல்லை, வாங்குகிற கட்சி. அதனால் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

கப்பல் கதை எனக்கும் பிடிக்கும். என் தாத்தாவின் அப்பாவும் அப்படி வந்தவர்தான். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஃபோனில் உங்கள் பக்கத்தைத் திறக்கும்போது எனக்கு வேண்டியது அரைக் கிலோ மசாலா. என்ன விற்கிறீர்கள், என்ன விலை, ஜோபர்க் பக்கம் லெனேசியாவுக்கு அனுப்ப மேற்கொண்டு எவ்வளவு, எத்தனை நாளில் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது. இவ்வளவுதான். இதில் ஒன்று கிடைக்காவிட்டாலும் மூடிவிடுவேன்.

போன வருடம் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வாங்கினேன். பக்கம் முழுக்க அழகான படம். ஆனால் ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை, ஒரே ஒரு செல் நம்பர். பணம் கட்டின மறுநாளிலிருந்து அந்த நம்பர் அணைந்தே கிடந்தது. விளக்கு வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஐந்து வாரம் கழித்து, நான் நம்பிக்கையை விட்ட பிறகு. அந்த ஐந்து வாரம் என் வீட்டுக்காரர் பேசின பேச்சுக்கு விளக்கை அவரிடமே கொடுத்திருக்கலாம்.


வலைப்பின்னி
செவ்வாய், இரவு 9.48

அக்கா, டர்பனில் இந்த வேலைதான் செய்கிறேன். கன்டென்ட் அனுப்புங்கள் என்று கேட்கிற ஜாதி நானும்தான், மன்னியுங்கள். தலைப்பைக் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளரே எழுதிவிடுவார் என்று நினைப்பது எங்கள் சோம்பேறித்தனம்.

ஃபோனில் விரலால் தள்ளாமல் தெரிகிற முதல் திரையில் கடைப்பெயர், ஒரே வரியில் என்ன தொழில், எந்த ஊர், ஆர்டர் செய்ய ஒரு பொத்தான். "மணக்கும் பாரம்பரியம்" என்று மட்டும் எழுதினால் ஊதுபத்திக் கடை என்று நினைத்துவிடுவார்கள். "வீட்டில் அரைத்த டர்பன் மசாலா, முறுக்கு. சாட்ஸ்வர்த்திலிருந்து நாடு முழுவதும் அனுப்புகிறோம்" என்று எழுதினால் வேலை முடிந்தது.

விலைப்பட்டியலைப் படமாகப் போடாதீர்கள். தயவுசெய்து. ஏற்கனவே வாட்ஸ்அப்பில் ஓடுகிற மஞ்சள் போஸ்டரை அப்படியே தூக்கி வெப்சைட்டில் வைக்கச் சொல்கிறவர்கள் பத்தில் எட்டுப் பேர். படத்தில் இருக்கிற எழுத்தைக் கூகுளில் தேடினால் கிடைப்பது நிச்சயமில்லை. கண் தெரியாதவருக்கு ஃபோன் அதைச் சரியாக வாசித்துக் காட்டும் என்பதும் நிச்சயமில்லை. நம் ஊரில் டேட்டா விலை உங்களுக்கே தெரியும், ஒரு விலையைப் பார்க்க ஐந்து எம்பி செலவழிக்க யாருக்கு மனம் வரும்? எழுத்தை எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள்.

ஃபோன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். வாட்ஸ்அப் இணைப்பில் முன்னால் இருக்கிற 0 வை எடுத்துவிட்டு நாட்டு எண் 27 சேர்க்க வேண்டும், கூட்டல் குறியும் போடக்கூடாது. இந்தச் சின்னத் தப்பால் ஒரு மாத ஆர்டரை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கதையை எறிய வேண்டாம். அபவுட் அஸ் பக்கத்தில் வையுங்கள். ஆனால் ட்ரூரோவைவிட உங்கள் கதை முக்கியம். ஆறு வருடம், எந்த ஏரியா, யார் அரைக்கிறார்கள், உங்கள் கையும் உரலும் தெரிகிற ஒரு உண்மையான படம். இணையத்திலிருந்து எடுத்த கிண்ணப் படம் வேண்டாம். அதே கிண்ணம் நாலு கடையில் இருக்கிறது.


முறுக்கு ரசிகன்
செவ்வாய், இரவு 10.10

உரல் எங்கே இருக்கிறது, எல்லாம் மிக்ஸிதானே அக்கா 😄


சாட்ஸ்வர்த் மசாலாக்காரி
செவ்வாய், இரவு 10.22

மிக்ஸி இல்லை தம்பி, மிஷின். உரல் கார் நிறுத்துகிற இடத்தில் பூந்தொட்டிக்கு முட்டாக நிற்கிறது.


சட்டம் படித்தவள்
புதன், காலை 6.55

வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எங்கே தேட வேண்டும் என்று காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

லெனேசியா மாமி நேற்று இரவு கேட்ட கேள்விகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கிட்டத்தட்ட அதே பட்டியல் சட்டத்தில் இருக்கிறது. 2002 ஆம் ஆண்டின் 25 ஆம் எண் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம், எக்டா என்று சொல்வார்கள். அதில் 43 ஆம் பிரிவு. மின்வழியில் பொருளோ சேவையோ விற்கிறவர் தன் வெப்சைட்டில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அங்கே வரிசையாக எழுதியிருக்கிறது. முழுப் பெயர், சட்டப்படி எந்த வகை வணிகம், இருக்கிற இடத்தின் முகவரி, தொலைபேசி, இமெயில். கம்பெனி என்றால் பதிவு எண்ணும் பொறுப்பில் இருப்பவர்களின் பெயரும். சட்டக் காகிதம் கொண்டுவந்து கொடுக்க ஒரு முகவரி. பொருளைப் பற்றிப் போதுமான விவரம். அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்த முழு விலை. எப்படிப் பணம் கட்டுவது, எத்தனை நாளில் அனுப்புவீர்கள், திருப்பித் தரும் விதி என்ன, வாங்குகிறவர் விவரங்களை எப்படிப் பாதுகாக்கிறீர்கள். இன்னும் சில உண்டு.

ஆர்டரை உறுதி செய்வதற்கு முன் வாங்குகிறவர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, தப்பைத் திருத்தி, வேண்டாம் என்றால் விலகவும் வழி இருக்க வேண்டும்.

இதெல்லாம் இல்லாவிட்டால்? பொருள் கையில் கிடைத்து 14 நாளுக்குள் வாங்கியவர் ஆர்டரையே ரத்து செய்யலாம். பொருளைத் திருப்பி அனுப்புகிற நேரடிச் செலவைக் கழித்துக்கொண்டு, அவர் கட்டிய பணம் எல்லாவற்றையும் நீங்கள் கொடுக்க வேண்டும்.

"என் சைட்டில் வாங்கும் பொத்தான் இல்லை, வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர்" என்று சிலர் சொல்வார்கள். வாட்ஸ்அப்பும் மின்வழிச் செய்திதான். பொத்தான் இல்லாததால் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம்.


சாட்ஸ்வர்த் மசாலாக்காரி
புதன், காலை 9.30

முகவரி என்றதும் வயிற்றைக் கலக்குகிறது. இது வீடு. பகலில் நானும் மாமியாரும் மட்டும்தான். பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் திருட்டு. வியாபாரம் நடக்கிற வீடு, கையில் காசு இருக்கும் என்று நானே ஊருக்குச் சொல்வதா? போஸ்ட்நெட் கடையில் தபால் வாங்க ஒரு பிரைவேட் பேக் எடுத்து அதைப் போட்டால் போதாதா?


லெனேசியா மாமி
புதன், காலை 9.51

பயப்படுவது நியாயம்தான் அம்மா. என் விளக்குக் கதையைக் கேட்டுவிட்டு முகவரி போட்டே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஏரியா பெயரும் ஆள் பெயரும் எடுக்கிற ஃபோனும் இருந்தாலே நான் நம்பிவிடுவேன்.


சட்டம் படித்தவள்
புதன், மதியம் 1.10

நம்பிக்கை வேறு, பிரிவு 43 வேறு மாமி. அது இருக்கிற இடத்தின் முகவரியைக் கேட்கிறது. பிரைவேட் பேக் தபால் வாங்குகிற இடம். அது ஈடாகாது.

ஆனால் சட்டத்தில் இரண்டு முகவரி வருகிறது, கவனியுங்கள். தொழில் நடக்கிற இடம் ஒன்று. சட்டக் காகிதங்களை வாங்கிக்கொள்கிற இடம் இன்னொன்று. இரண்டாவதற்கு உங்கள் கணக்காளர் ஒப்புக்கொண்டால் அவர் அலுவலகத்தைக் கொடுக்கலாம். முதலாவதற்கு எனக்குச் சுலபமான வழி தெரியவில்லை.


வலைப்பின்னி
புதன், மதியம் 1.40

கூகுளில் கடைப் பதிவு செய்யும்போது "வாடிக்கையாளர் என் இடத்துக்கு வருவதில்லை, நான் அனுப்புகிறேன்" என்று தேர்ந்தெடுத்தால் முகவரியை மறைத்துவிடலாம், எந்த ஏரியாவுக்குச் சேவை என்று மட்டும் காட்டும். வரைபடத்தில் வீட்டு மேல் சிவப்புக் குறி விழாது. திருடன் வரைபடத்தில் தேடுவான், கான்டாக்ட் பக்கத்தின் அடியில் போய்ப் படிக்க மாட்டான் என்பது என் கணிப்பு.


பழைய கணக்குப்பிள்ளை
புதன், மாலை 4.25

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன். சகோதரி, ஒன்று கேட்கிறேன். முறுக்கு விற்கிறீர்களே, நகராட்சியின் ஏற்புச் சான்றிதழ் இருக்கிறதா? 2018 இல் வந்த ஆர் 638 உணவுச் சுகாதார விதிகளின்படி உணவு தயாரிக்கிற இடத்துக்கு அது வேண்டும். அந்தச் சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத்தான் கொடுக்கப்படுகிறது, வாங்குகிறவர் கேட்டால் காட்ட வேண்டிய காகிதமும் கூட. அப்படி இருந்தால் உங்கள் முகவரி ஏற்கனவே வெளியில் இருக்கிற விஷயம். ஆறு வருடமாகப் பார்சல் வாங்கிய எத்தனை பேருக்கு உங்கள் வாசல் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

முகவரியை மறைப்பதைவிட அதன் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: "இங்கே நேரடி விற்பனை கிடையாது. ரொக்கம் வாங்குவதில்லை." காசு இல்லாத வீடு என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். அப்படியே நடக்கவும் வேண்டும், அதுதான் கஷ்டம்.

வணிக வகை: நீங்கள் கம்பெனி பதிவு செய்யவில்லை என்று தெரிகிறது. அப்படியானால் தனி உரிமையாளர். உங்கள் முழுப் பெயரைப் போட்டு "இன்ன பெயரில் வணிகம் செய்கிறார்" என்று எழுத வேண்டும். கடைப் பெயரின் பின்னால் "பிடிஒய் எல்டிடி" என்று அழகுக்காகச் சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிஐபிசி என்கிற கம்பெனிப் பதிவகத்தில் பதிவு செய்த கம்பெனிக்குத்தான் அந்த வால்.

அடுத்தது வாட் (மதிப்புக் கூட்டு வரி). பதிவு செய்யாதவர் "வாட் உட்பட" என்று எழுதக் கூடாது. வாங்காத வரியை வாங்கினதாகச் சொல்வது அது. பதிவு செய்தவர் 15 சதவீதமும் சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும், கடைசித் திரையில் கூட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. 2025 மே 1 முதல் 15.5 ஆகிறது என்று அறிவித்து ஏப்ரல் கடைசியில் கைவிட்டார்களே, அப்போது என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் அவசரப்பட்டு சைட்டில் பாதி விலைகளை மாற்றிவிட்டார், மீதிப் பாதி பழையபடி. ஒரே டப்பாவுக்கு இரண்டு பக்கத்தில் இரண்டு விலை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு விலை காட்டினால் குறைந்ததைத்தான் கேட்க முடியும். யார் கண்ணுக்கும் தெரிகிற வெளிப்படையான தப்பு என்றால் விதிவிலக்கு உண்டு, ஆனால் 80க்கும் 81க்கும் நடுவில் வெளிப்படை எங்கே? விலையை ஒரே இடத்தில் வையுங்கள். முதல் பக்கத்தில் ஒரு தரம், பொருள் பக்கத்தில் ஒரு தரம், ஃபேஸ்புக்கில் ஒரு தரம் என்று எழுதினால் ஏதாவது ஒன்றை மாற்ற மறந்துபோகும்.


ஃபீனிக்ஸ் தையல்காரர்
புதன், இரவு 7.15

இதில் என் சோகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு பிளவுஸ் தைக்கிறேன். மூன்று வருடம் முன்னால் ஒருவர் எனக்கு சைட் செய்து கொடுத்தார். கோ டாட் இசட்ஏ என்று முடிகிற வெப்சைட் பெயரை அவர் பெயரிலேயே பதிவு செய்திருக்கிறார், எனக்குத் தெரியாது. புதுப்பிக்கிற சமயம் ஆள் காணோம். பெயர் காலாவதியாகிவிட்டது. என் பில் புத்தகம், பை, கடைப் பலகை எல்லாவற்றிலும் அந்தப் பெயர்! பலகையை மறுபடி எழுத ஆன செலவு சைட்டின் செலவைவிட அதிகம். டொமைன் என்கிற அந்த வெப்சைட் பெயர் உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் இருக்கட்டும் அக்கா. பையன் நல்லவன்தான், இருந்தாலும்.

ஒரு சந்தேகம். ஏழு நாளில் திருப்பித் தரலாம் என்று ஏதோ இருக்கிறதாமே? அளவெடுத்துத் தைத்ததையும் திருப்பி வாங்க வேண்டுமா?


சட்டம் படித்தவள்
புதன், இரவு 8.02

அண்ணா, அது எக்டாவில் 44 ஆம் பிரிவு. பொருள் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம், திருப்பி அனுப்புகிற செலவு மட்டும் வாங்கியவருடையது. ரத்து செய்த 30 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். ஆனால் ஒருவருடைய அளவுக்குச் செய்த பொருளுக்கு இது பொருந்தாது. வீட்டுக்கு வந்து சேர்கிற அன்றாட உணவுப் பொருளுக்கும், சீக்கிரம் கெடுகிற பொருளுக்கும் பொருந்தாது. ஆக உங்கள் பிளவுஸும் அக்காவின் முறுக்கும் தப்பித்தன.

உடனே போய் "எந்தக் காரணத்துக்கும் பணம் திருப்பித் தரப்படாது" என்று சிவப்பில் எழுதிவிடாதீர்கள். மனம் மாறித் திருப்புவது வேறு. பொருளே குறையாக இருப்பது வேறு. சிக்கு வாடை அடிக்கிற முறுக்கையும், கை சேராத பிளவுஸையும் எந்த வாசகமும் காப்பாற்றாது. "உடைந்தோ கெட்டோ வந்தால் இத்தனை நாளுக்குள் படம் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம் அல்லது பணம் தருகிறோம்" என்று சாதாரணமாக எழுதினால் போதும்.

அனுப்புகிற நாள் எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால் 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது. லெனேசியா மாமியின் ஐந்து வாரம் 35 நாள் ஆகிறது.


லெனேசியா மாமி
புதன், இரவு 8.20

இதை அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா! வீட்டுக்காரரிடம் இப்போது காட்டுகிறேன்.


டோங்காட் இட்லிமாவு
வியாழன், காலை 5.40

மாவு அரைத்து வைத்துவிட்டு எழுதுகிறேன். யாரும் சொல்லாத ஒன்று: எல்லாவற்றுக்கும் மேலே மாற்றக்கூடிய ஒரு வரி.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் தண்ணீர் நிலையம் அடிபட்டு மாதக்கணக்கில் டோங்காட்டில் குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் என்ன மாவு? கடை மூடிக் கிடக்கிறது, என் வெப்சைட் மட்டும் "வாரம் முழுவதும் திறந்திருக்கும்" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஆர்டர் வந்தது, பணம் வந்தது, திட்டு வந்தது. மாற்ற எனக்குத் தெரியவில்லை, செய்து கொடுத்தவர் வீட்டிலும் வெள்ளம்.

இப்போது தலைப்பில் ஒரு வரி வைத்திருக்கிறேன், ஃபோனிலிருந்தே மாற்றலாம். "இந்த வாரம் திங்கள் அன்று அரைக்கவில்லை." "காவடிக்கு இரண்டு நாள் லீவு." தீபாவளி இங்கே அரசு விடுமுறை இல்லையே, நாம் மூடியிருப்போம் என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? என்னிடம் வாங்குகிறவர்களில் ஜூலு குடும்பங்களும் இருக்கிறார்கள், ஆடிமாதம் கூழ் ஊற்றுகிற நாளை அவர்கள் என்ன கண்டார்கள்.

உங்கள் தீபாவளி ஆர்டர் கடைசித் தேதியை அந்த வரியில் போடுங்கள். அந்த முப்பது பேரில் பாதிப் பேர் அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள்.


முறுக்கு ரசிகன்
வியாழன், காலை 10.30

சும்மா கிண்டல் மட்டும் பண்ணாமல் ஒரு உருப்படியான விஷயம் கேட்கிறேன். என் தங்கை மகனுக்கு கோதுமை ஆகாது. முறுக்கு அரிசி மாவும் உளுந்தும்தானே என்று ஒரு இடத்தில் வாங்கிக் கொடுத்தோம். அன்றைக்கு ராத்திரி பிள்ளை பட்ட பாடு சொல்லி மாளாது. அப்புறம்தான் தெரிந்தது, கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். முறுக்கில் பெருங்காயம். செய்தவர் மேல் குற்றம் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது.

உங்கள் சைட்டில் இதைப் போடுவீர்களா அக்கா?


சாட்ஸ்வர்த் மசாலாக்காரி
வியாழன், காலை 11.15

தம்பி, இப்போதுதான் அடுக்களைக்குப் போய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கோதுமை மாவு என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஆறு வருடமாக இதைத்தான் போடுகிறேன். "எல்லோரும் சாப்பிடலாம், அரிசி முறுக்குத்தான்" என்று எத்தனை பேரிடம் வாயால் சொல்லியிருக்கிறேனோ தெரியவில்லை. கை நடுங்குகிறது.


சட்டம் படித்தவள்
வியாழன், மதியம் 12.40

2010 இல் வந்த ஆர் 146 லேபிள் விதிகளில் ஒவ்வாமை தருபவை என்று பெயர் சொல்லியே இருக்கிறது: முட்டை, பசும்பால், மீன், இறால் நண்டு சிப்பி வகை, நிலக்கடலை, சோயா, முந்திரி பாதாம் வகைக் கொட்டைகள், கோதுமை போன்ற தானியங்கள். அவற்றிலிருந்து வந்த பொருளும் சேர்த்தி. பாக்கெட்டில் எழுதுவதை வெப்சைட்டிலும் ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் எழுதுங்கள். பாக்கெட் கைக்கு வருவது பணம் கட்டிய பிறகுதானே.


வலைப்பின்னி
வியாழன், மதியம் 1.05

பொருள் விவரத்தில் காரமும் சேருங்கள். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மாமியாரைத் தீர்த்துக்கட்டும் மசாலா என்று பலகை எழுதி வைத்திருப்பார்கள், சுற்றுலாக்காரர்கள் படம் எடுப்பார்கள். நேரில் நின்று மோந்து பார்க்கிறவருக்கு அந்தப் பெயர் போதும். கேப்டவுனில் உட்கார்ந்து வாங்குகிறவருக்கு என்ன மிளகாய், ஒரு கிலோ இறைச்சிக்கு எத்தனை கரண்டி, உப்பு கலந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். உப்பு விஷயம் நிறையப் பேர் எழுதுவதில்லை. நான் ஒருமுறை ஒரு பானைக் குழம்பைக் கொட்டியிருக்கிறேன்.

பணம் கட்டுகிற வழி: கார்டு என்றால் பேஃபாஸ்ட், யோகோ மாதிரி ஒரு சேவை வழியாக வாங்குங்கள். கார்டு நம்பரை வாட்ஸ்அப்பில் கேட்கவே கேட்காதீர்கள், பாதுகாப்பில்லாத முறையில் வாங்கி அவருக்கு நஷ்டம் வந்தால் எக்டாவின்படி பொறுப்பு உங்களுடையது. வங்கி மாற்றம் என்றால் "பணம் எங்கள் கணக்கில் தெரிந்த பிறகே பார்சல் கிளம்பும்" என்று பளிச்சென்று எழுதுங்கள். போலி ரசீதுப் படம் அனுப்பிப் பொருளை வாங்கிப் போகிறவர்கள் ஊரில் அதிகம். எழுதி வைத்திருந்தால் தெரிந்தவரிடம் "பொறுங்கள்" என்று சொல்ல சங்கடம் இருக்காது. அவசரக்காரருக்கு பேஷாப் என்கிற உடனடி வங்கி மாற்றம் இருக்கிறது, 2023 மார்ச்சிலிருந்து. உடனே வந்து விழும்.


ஃபீனிக்ஸ் தையல்காரர்
வியாழன், மாலை 5.30

போப்பியா போப்பியா என்று ஏதோ தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறார்களே, அது நம்மைப் போன்ற ஒற்றை ஆளுக்கும் உண்டா? என்னிடம் பெண்களின் அளவுப் புத்தகமே இருக்கிறது.


சட்டம் படித்தவள்
வியாழன், மாலை 6.15

உண்டு அண்ணா. 2013 இன் 4 ஆம் எண் சட்டம், 2021 ஜூலை 1 முதல் எல்லோரும் கடைப்பிடித்தாக வேண்டும். ஒற்றை ஆள் கடையில் தகவல் அதிகாரி நீங்களே. தகவல் ரெகுலேட்டர் என்கிற அமைப்பிடம் அப்படியே பதிவு செய்துகொள்ள வேண்டும், இணையத்தில் செய்யலாம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் கேட்கிற பாயா கையேடு என்று இன்னொன்றும் உண்டு, சின்னக் கடைகளுக்கு இருந்த விலக்கு 2021 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. மாதிரிப் படிவம் ரெகுலேட்டரின் தளத்திலேயே கிடைக்கும், நிரப்பி சைட்டின் அடியில் இணைத்துவிடுங்கள்.

தனியுரிமைப் பக்கத்துக்கு அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பத்துப் பக்கத்தைக் காப்பி அடிக்காதீர்கள். என்ன வாங்குகிறீர்கள் (பெயர், ஃபோன், முகவரி), எதற்கு (பார்சல் அனுப்ப), யாரிடம் கொடுப்பீர்கள் (கூரியர்காரர்), எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், அழிக்கச் சொல்ல யாரைக் கேட்பது. அரைப் பக்கம் வராது.

அக்காவுக்கு: வாடிக்கையாளர் எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் ஒவ்வொருவர் நம்பரும் மற்றவர்களுக்குத் தெரிகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகிற பிராட்காஸ்ட் பட்டியலுக்கு மாறுங்கள். ஏற்கனவே வாங்கியவருக்கு உங்கள் பொருள் பற்றிச் செய்தி அனுப்பலாம், ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று சொல்ல வழி கொடுக்க வேண்டும்.


சாட்ஸ்வர்த் மசாலாக்காரி
ஞாயிறு, மாலை 4.50

மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். குரூப்பைக் கலைத்தேன். பழைய ஆர்டர் புத்தகத்தைப் பார்த்து முறுக்கு வாங்கிய எல்லோருக்கும் பெருங்காய விஷயத்தை ஃபோனில் சொன்னேன். இரண்டு பேர் திட்டினார்கள், ஒருவர் நன்றி சொன்னார், மற்றவர்கள் மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். டொமைன் என் பெயரில் இருக்கிறது, பையன் கோபித்துக்கொள்ளவில்லை.

முதல் பக்கம் இப்படி:

"வீட்டில் அரைத்த டர்பன் மசாலாவும் முறுக்கும். சாட்ஸ்வர்த்திலிருந்து நாடு முழுவதும் அனுப்புகிறோம்.
தீபாவளி ஆர்டர்: பண்டிகைக்கு 12 நாள் முன்னால் மூடப்படும்.
கலப்பு மசாலா அரைக் கிலோ 95 ராண்ட். நடுத்தரக் காரம், உப்பு இல்லை. ஒரு கிலோ இறைச்சிக்கு மூன்று மேசைக்கரண்டி.
முறுக்கு 250 கிராம் 45 ராண்ட். அரிசி மாவு, உளுந்து, எள், பெருங்காயம். கோதுமை உள்ளது. சூரியகாந்தி எண்ணெய்.
கூரியர்: வீட்டு வாசலுக்கு 110 ராண்ட், பார்சல் லாக்கருக்கு 70 ராண்ட். பணம் கணக்கில் தெரிந்த மூன்று வேலை நாளுக்குள் அனுப்புவோம்.
உடைந்து வந்தால் இரண்டு நாளுக்குள் படம் அனுப்புங்கள். மாற்றுவோம் அல்லது பணம் தருவோம்."

அடியில் என் முழுப் பெயர், வணிகப் பெயர், ஃபோன், இமெயில், சான்றிதழ் எண். வீட்டு முகவரியும் கொடுத்துவிட்டேன். இரண்டு ராத்திரி யோசித்தேன். கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன இரண்டு வரியோடு கான்டாக்ட் பக்கத்தில் போட்டிருக்கிறேன், முதல் பக்கத்தில் இல்லை. சட்டக் காகிதத்துக்கு என் கணக்காளர் அலுவலகம். மாமியாருக்கு இன்னும் சம்மதமில்லை.

ட்ரூரோவை அபவுட் அஸில் ஒரு வரியாகச் சுருக்கிவிட்டேன். உரல் படம் இருக்கிறது, பூந்தொட்டியை நகர்த்திவிட்டு எடுத்தது.


பழைய கணக்குப்பிள்ளை
ஞாயிறு, மாலை 6.10

"இரண்டு நாளுக்குள்" என்பதைக் கொஞ்சம் நீட்டுங்கள் சகோதரி. லாக்கரிலிருந்து எடுக்கவே சிலருக்கு இரண்டு நாள் ஆகும். மற்றபடி நன்றாக இருக்கிறது.


முறுக்கு ரசிகன்
ஞாயிறு, மாலை 6.32

ஆர்டர் பொத்தானைத் தொட்டேன். இந்த நம்பர் வாட்ஸ்அப்பில் இல்லை என்கிறது.


சாட்ஸ்வர்த் மசாலாக்காரி
ஞாயிறு, மாலை 6.58

27 போட்டான், 0 வை எடுக்கவில்லை. இப்போது பாருங்கள்.


முறுக்கு ரசிகன்
ஞாயிறு, இரவு 7.04

போகிறது. அரைக் கிலோ மசாலா, முறுக்கு இரண்டு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். ஒரு பாக்கெட் பெருங்காயம் இல்லாமல் கிடைக்குமா?


சாட்ஸ்வர்த் மசாலாக்காரி
ஞாயிறு, இரவு 7.20

கோதுமை மாவு ஓடுகிற மிஷினில் உன் தங்கை பிள்ளைக்கு அரைக்க மாட்டேன். அந்த உரலைத்தான் கழுவி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வரை பொறுத்துக்கொள்.